முக்கோணத்தைத் தொட்டால் ஓடும்

டீச்சர்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பஸ் ஜன்னலைச் சாத்தச் சொன்ன தோரணையிலயா? தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அது தொழில்ல ஒட்டிக்கிட்ட பழக்கம். தூசி கண்ணுல விழுந்தா எனக்கு நாள் பூரா உறுத்தும். இன்னைக்குக் கண்ணு நல்லா இருக்கணும். இன்னைக்கு நான் பாடம் எடுக்கப் போறது பிள்ளைங்களுக்கு இல்லை, டீச்சர்களுக்கு. விருதுநகர்ல பயிற்சி. அதுல நான் பயிற்சி குடுக்கிற ஆளு. தலைப்பு என்ன தெரியுமா? வகுப்பறையில தொழில்நுட்பம்.

சிரிச்சா சிரிங்க. என் வீட்டுக்காரரும் காலையில இட்லியைப் பிட்டு வாயில வச்சுக்கிட்டு சிரிச்சார். டிவி ரிமோட்டைத் தலைகீழாப் பிடிக்கிற பொம்பளை நீ, நீ போய் ஊருக்கு டெக்னாலஜி சொல்லித்தரப் போறியாங்கறார். அவர் சொல்றதுல பொய் இல்லை. ரெண்டு வருஷம் முந்தி வரைக்கும் நான் அப்படித்தான் இருந்தேன். ஆனா ஒரு மனுஷி மாறக்கூடாதா?

என் பள்ளிக்கூடம் முத்தனேரியில. அருப்புக்கோட்டையில இறங்கி இன்னொரு பஸ் பிடிச்சு உள்ள போகணும். எட்டாம் கிளாஸ் வரைக்கும்தான் அங்க. அறிவியல் என் பாடம், எட்டுக்கு கிளாஸ் டீச்சரும் நான்தான். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்பதான் அந்தப் பெரிய போர்டு வந்து இறங்குச்சு. ஸ்மார்ட் போர்டு. இருந்த கரும்பலகையைக் கழட்டிட்டு அதே இடத்துல மாட்டிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. அப்ப நான் எதுலய்யா எழுதுறதுன்னு மாட்ட வந்த ஆள்கிட்ட கேட்டா, இதுலயே விரலால எழுதலாம் மேடம்கறான். எழுதினேன். கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. பிள்ளைங்க புத்தகத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு சிரிச்சுதுங்க. அதோட அந்தப் போர்டு மேல இந்தியா மேப்பைத் தொங்கவிட்டேன். தூசி படக்கூடாதுன்னு காரணம் சொல்லிக்கிட்டேன். ஒரு பருவம் முழுக்க அந்த மேப்புக்கு முன்னாடி நின்னுதான் பாடம் எடுத்தேன்.

மேப்பைக் கழட்டினது பானு. ஷர்மிளா பானுன்னு ஒரு பொண்ணு, கணக்கு டீச்சரா தற்காலிகமாப் போட்டிருக்காங்க. என் மக வயசு. அவ ஒருநாள், டீச்சர், பயப்படாதீங்க, உங்க போன்ல நீங்க என்ன பண்றீங்களோ அதை அப்படியே இதுல பெருசா காட்டலாம்னா. எங்க ஊர்ல போர்டுக்கு நெட்டு கிடைக்கறதில்லை. அதனால எல்லா டீச்சரும் அவங்கவங்க போனைத்தான் போர்டோட சேர்க்கிறது. போன்ல வீடியோ போட்டா போர்டுல ஓடும். பானு எனக்குச் சொல்லித்தந்தது ரெண்டே விஷயம். முக்கோணத்தைத் தொட்டா ஓடும். ரெண்டு கோட்டைத் தொட்டா நிக்கும். இவ்வளவுதான் டீச்சர், இதுக்குப் போயா இத்தனை பயம்னா.

முதல் நாள் ஆறாம் கிளாசுக்கு இதயம் போட்டேன். மனுஷ இதயம். நானும் வருஷக்கணக்கா இதயம்னு சொல்லி சாக்பீசால ஒரு மாங்காயை வரைஞ்சு, அதுல நாலு அறை பிரிச்சு, அம்புக்குறி போட்டுக் காமிச்சவ. அன்னைக்கு அந்தப் போர்டுல அது உசுரோட அடிக்குது. ரத்தம் உள்ள வருது, கதவு மாதிரி ஒண்ணு மூடுது, வெளிய போகுது. கடைசி பெஞ்சுல ஒரு பயல், எந்நேரமும் எவனையாவது கிள்ளிக்கிட்டே இருப்பான், அவன் சட்டைக்குள்ள கையை விட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா. நிஜமாச் சொல்றேன். இத்தனை நாளா இதுங்களுக்கு மாங்காயைக் காட்டி ஏமாத்தியிருக்கோமேன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் என்னை யாரும் பிடிக்க முடியலை. எரிமலை, எறும்பு, ரயில் எஞ்சின், எல்லாம் போர்டுல. அடுத்த பீரியடு அறிவியலான்னு பிள்ளைங்க கேட்டு வரும். யாராவது நம்ம பாடத்தைக் கேட்டு வந்தா அது ஒரு போதைதான். பெத்தவங்களைச் சேர்த்து வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிச்சேன். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு டைப் அடிக்க வராது. எல்லாம் வாய்ஸ்தான். டீச்சர், எம்மவனுக்குக் காய்ச்சல். டீச்சர், கோயில் கொடை, நாளைக்கு வரமாட்டான். காலையில போனைத் திறந்தா ஒரு ஊரே பேசும்.

அப்பத்தான் பேச்சித்தாய் என்னைத் தேடி வந்துச்சு. பாண்டிமீனாவோட அம்மா. பேர் சொல்லக்கூடாதுதான். சரி, சொல்லிட்டேன், பாண்டிமீனான்னே வச்சுக்கங்க. எட்டாம் கிளாஸ். அறிவியல்ல முதல்ல கை தூக்கற பிள்ளை. அப்பன் இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கப் போகுது. இருக்கற வீடு நாத்தனா பேர்ல இருக்கு. பிள்ளைக்கு அத்தை. சந்தனமாரின்னு பேரு, எங்க பள்ளிக்கூட மேலாண்மைக் குழுவுல உறுப்பினரு, வாய் கொஞ்சம் நீளம். அதுக்கு ஒரு மகன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், இருபத்தேழு வயசு. முறைமாப்பிள்ளை. பிள்ளை எப்ப ஆளாகும்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கு அந்தப் பொம்பளை.

பேச்சித்தாய் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து, கிளாஸ்ல யாரும் இல்லைன்னு ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டு, கதவோரத்துல உட்கார்ந்துச்சு. "தாயி, பிள்ளை ஆளாயிருச்சு. ஒருத்தருக்கும் சொல்லலை. சொன்னா மதினி தட்டைத் தூக்கிட்டு வந்துருவாக. வேணாம்னு சொன்னா வீட்டைக் காலி பண்ணுன்னுவாக. அவுக மக கௌசியும் இதே கிளாஸ்தான, அவளுக்குத் தெரிஞ்சிரக்கூடாது. பத்து வரைக்குமாவது இவளைப் படிக்க வச்சுப்புடணும். உங்களை நம்பித்தான் சொல்றேன். வலின்னு சொன்னா கொஞ்சம் பார்த்துக்கங்க" அப்படின்னுச்சு.

நம்ம பக்கத்துல பிள்ளை ஆளாகிறது எவ்வளவு பெரிய சங்கதின்னு உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் சீரு, பந்தலு, மைக்செட்டு. அதை மறைக்கிறதுன்னா சும்மாவா? கூடப் பிறந்த அண்ணன்கிட்டகூடச் சொல்லலை அந்தப் பொம்பளை. சாமி குத்தம் ஆயிருமோன்னு ஒரு பக்கம் பயம். அத்தனையும் தாங்கிக்கிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புச்சு. நான் கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சு விட்டதில்லை. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னதில்லை. ஒரே அறையில உக்காந்து சாப்பிடற பானுகிட்ட சொன்னதில்லை. உங்ககிட்ட சொல்றேன்னா, நீங்க யாரோ, நான் யாரோ.

அப்புறம் நடந்தது என் தப்பு இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன்.

அன்னைக்கு மேலே இருந்து ஒரு ஆபீசர் வகுப்பு பார்க்க வந்திருந்தார். போர்டு வச்சுப் பாடம் எடுக்கறது யாருன்னு கேட்டிருக்கார், எல்லாரும் என்னைக் கைகாட்டிட்டாங்க. அவர் பின்னாடி நாற்காலி போட்டு உக்கார்ந்தார். பாடம் ஒலி. கண்ணாடி ஜாடிக்குள்ள மணி அடிக்கும், காத்தை உறிஞ்ச உறிஞ்ச சத்தம் குறைஞ்சுக்கிட்டே வரும், அந்த வீடியோ. சத்தம் குறையறது கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணுமில்ல? அதுக்காக ஆண்டு விழாவுக்கு வாங்கின ஸ்பீக்கரைக் கொண்டாந்து மாட்டி வச்சிருந்தேன். எல்லாம் என் ஏற்பாடு. மணி அடிக்குது, பிள்ளைங்க காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க, ஆபீசர் தலையை ஆட்டுறார். எனக்குன்னா அப்படி ஒரு பெருமை.

அப்ப போன்ல மேலே பட்டையா ஒண்ணு வந்து நிக்குது. பேச்சித்தாய்னு பேரு. நேரம் பார்த்து வருது பாரு இந்தப் பொம்பளைன்னு அதைத் தள்ளிவிடப் போனேன். அது தள்ளிக்கிட்டுப் போகாம திறந்துக்கிச்சு. மணியைக் காணோம், ஜாடியைக் காணோம். போர்டு பூரா பேச்சித்தாய் அனுப்பின மெசேஜ். பின்னாடி ஆபீசர். வீடியோவை மறுபடி ஓட வைக்கணும். பார்த்தேன், கீழே ஒரு முக்கோணம் இருந்துச்சு. முக்கோணத்தைத் தொட்டா ஓடும்னுதானே பானு சொன்னா? தொட்டேன்.

"டீச்சர், பேச்சித்தாய் பேசுறேன். பிள்ளைக்கு நேத்து ராத்திரி வந்துருச்சு. சுருண்டு கிடந்தா, நாந்தான் எழுப்பி அனுப்புனேன். வீட்ல படுத்தா மதினிக்குத் தெரிஞ்சு போகும். ஆளானதை இத்தனை நாளு மறைச்சாச்சு, இன்னும் கொஞ்ச நாளு மறைச்சுப்புட்டா போதும். துணி மாத்த மட்டும் வெளிய விட்டுருங்க தாயி."

ஆண்டு விழா ஸ்பீக்கரும்மா. பக்கத்துக் கிளாஸ் வரைக்கும் போயிருக்கும். நிறுத்தணும்னு எங்கெங்கயோ தொட்டேன். பக்கத்துல ஒரு புள்ளி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதைப் பிடிச்சு பின்னாடி இழுத்தா நிக்கும்னு நினைச்சேன். அது திரும்ப முதல்ல இருந்து பேச ஆரம்பிச்சிருச்சு. டீச்சர், பேச்சித்தாய் பேசுறேன். முதல் தடவை பாதிப் பிள்ளைங்களுக்குப் புரிஞ்சிருக்காது. ரெண்டாவது தடவை எல்லாத்துக்கும் புரிஞ்சுபோச்சு. பையன்கள் குனிஞ்சுக்கிட்டானுங்க. முதல் பெஞ்சுல சந்தனமாரி மக கௌசல்யா திரும்பி பாண்டிமீனாவையே பார்த்துச்சு.

பாண்டிமீனா எந்திரிச்சு வந்துச்சு. என்னைப் பார்க்கலை. யாரையும் பார்க்கலை. நேரா சுவரோரமாப் போய், போர்டு சுவிட்சை அணைச்சுச்சு. ஸ்பீக்கர் சுவிட்சையும் அணைச்சுச்சு. திரும்ப தன் இடத்துல போய் உக்கார்ந்துக்கிச்சு. ஆபீசர் உக்கார்ந்திருக்கார், கேக்காம கொள்ளாம எந்திரிச்சு வருதேன்னு எனக்கு அப்ப சங்கடமா இருந்துச்சு. ஆபீசர் ஆம்பளை, பாவம், அவருக்கு எங்க பார்க்கறதுன்னு தெரியலை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தார். எந்திரிக்கறப்ப, ஒலி நல்லாத் தெளிவா இருக்கும்மா, நல்லா பயன்படுத்தறீங்கன்னு சொல்லிட்டுப் போனார். அந்தப் பாடத்தைத்தான் சொன்னார்னு நினைக்கிறேன்.

அன்னைக்குச் சாயங்காலமே சந்தனமாரி பேச்சித்தாய் வீட்டு வாசல்ல போய் நின்னிருக்கு. என்ன பேச்சு பேசுச்சோ தெரியாது. அடுத்த வாரம் சடங்கு. தெரு முனையில பிளக்ஸ் போர்டு வச்சிருந்தாங்க, பிள்ளைக்குப் பட்டுச்சேலை கட்டி, கிரீடம் வச்சு. எனக்குப் பத்திரிகை வந்துச்சு. போகாம இருக்க முடியுமா? எவர்சில்வர்ல ஒரு டிபன் கேரியர் வாங்கிட்டுப் போனேன், நல்ல கனமான கேரியர். பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு வரட்டும்னுதான்.

போன இடத்துல எனக்கு என்ன மரியாதைன்னு நினைக்கிறீங்க? பேச்சித்தாய் முகங்குடுத்துப் பேசலை. தண்ணி கொண்டாந்து வச்சுச்சு, சாப்பிட்டுப் போங்கன்னுச்சு, போயிருச்சு. நான் என்ன அதுக்கு எதிரியா? நான் வேணும்னா பண்ணினேன்? சொல்லப்போனா பள்ளிக்கூட நேரத்துல மெசேஜ் போட்டது யாரு? அதையும் பூசி மெழுகி ஒரு வார்த்தையில போடக்கூடாதா, வயித்து வலின்னு சொன்னா எனக்குப் புரியாதா? அந்தப் பானு, முக்கோணம் சொல்லித்தரத் தெரிஞ்சவளுக்கு, போர்டுல சேர்க்கறதுக்கு முன்னாடி மத்த மெசேஜ் வராம நிறுத்திக்கங்க டீச்சர்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? எல்லாரும் பண்ணினதுக்கு நான் ஒருத்தி தலைகுனிஞ்சு நிக்கிறேன்.

சந்தனமாரிதான் என்னை வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முன்வரிசையில உக்கார வச்சுச்சு. உங்க புண்ணியத்துல தெரிஞ்சுச்சு டீச்சர், இல்லாட்டி என் கண்ணுல மண்ணைத் தூவியிருப்பான்னு எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லுச்சு. போட்டோவுக்குப் பிள்ளை பக்கத்துல நிக்க வச்சுச்சு. பிள்ளை கன்னத்துல சந்தனத்தோட பொம்மையாட்டம் உக்கார்ந்திருக்கு. டீச்சர் வந்திருக்காங்க, சிரிடின்னு யாரோ சொன்னாங்க. சிரிச்சுச்சு. நான் சாப்பிட்டேன். இலையில என்ன வச்சாங்கன்னு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கன்னு சந்தனமாரிகிட்ட கேட்டேன். கேக்கலைன்னு சொல்ல முடியாது. சடங்கு முடியட்டும் டீச்சர்னுச்சு. முடிஞ்சுச்சு. அனுப்பலை. அப்புறம் கௌசல்யா கிளாஸ்ல சொல்லுது, வர்ற வெள்ளிக்கிழமை எங்க அண்ணனுக்கும் பாண்டிமீனாவுக்கும் தாம்பூலம் மாத்துறாங்கன்னு. கல்யாணம் பதினெட்டு வயசுலதானாம். அதுவரைக்கும் அத்தை வீட்டோட இருக்குமாம், சமைச்சுப் போட்டுக்கிட்டு. இருபத்தேழு வயசு ஆளு இருக்கற வீட்ல பதிமூணு வயசுப் பிள்ளை. அதைச் சமையல்னு சொன்னா நம்பறதுக்கு நான் ஒண்ணும் பச்சைப்பிள்ளை இல்லை.

பானு குதிச்சா. பத்து ஒம்பது எட்டுக்குப் பேசுங்க டீச்சர், குழந்தைங்களுக்கான நம்பர், உடனே வருவாங்க, கிளாஸ் டீச்சர் நீங்க சொன்னா அதுக்கு மதிப்பு இருக்குன்னா. எனக்குத் தெரியாதா? ஆனா நான் அந்த ஊர்ல வேலை பார்க்கணுமில்ல? சந்தனமாரி குழுவுல இருக்கு, நாளைக்கே பள்ளிக்கூட வாசல்ல நின்னு கத்தும். நீங்க பேசலைன்னா நான் பேசறேன்னா பானு. நீ டெம்பரவரி, அடுத்த வருஷம் உன்னை இங்க வைக்கணுமா வேணாமான்னு அந்தக் குழுதான் சொல்லும், யோசிச்சுக்கோன்னேன். அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்? அதுல இருந்து என்கிட்ட பேசறதில்லை. சாப்பாட்டுக்குக்கூட வேற ரூமுக்குப் போயிடறா.

நான் பேசமாட்டேன்னு சொல்லலைம்மா. இந்தப் பயிற்சி முடியட்டும்னுதான் இருக்கேன். இன்னைக்குப் புதன். தாம்பூலம் வெள்ளிக்கிழமை. நாள் இருக்கு. அந்த ஆபீசர்தான் என் பேரை எழுதி அனுப்பியிருக்கார், மொத மொதல்ல கூப்பிட்டிருக்காங்க, இந்த நேரத்துல போலீஸு விசாரணைன்னு ஏதாவது கிளம்பினா நல்லாவா இருக்கும்? ஆனா ஒண்ணு, கண்ணை மூடினா அந்தப் பிள்ளை சுவிட்சு பக்கம் நடந்து போறதுதான் வருது. என்னமோ தெரியலை.

அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கலை. இந்த மெசேஜ் விஷயத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டேன். இன்னைக்குப் பயிற்சியில அதைத்தான் முதல்ல சொல்லப் போறேன். போர்டுல சேர்க்கறதுக்கு முன்னாடி எதை எதை நிறுத்தணும், எந்த நம்பரை எப்படி வாயடைக்கணும். உங்களுக்கும் காட்டறேன் பாருங்க, உபயோகப்படும். இப்ப ஒருத்தர் நம்பர் நம்ம கண்ணுலயே படக்கூடாது, ஆனா அழிக்கவும் மனசு வரலை. அதை விரலால அழுத்திப் பிடிச்சு இந்தப் பெட்டி படத்தைத் தொட்டா, ஆர்க்கைவுக்குப் போயிடும். மெசேஜ் வரும், சத்தம் வராது, மேலே பட்டை வராது. பேச்சித்தாய் நம்பரை அன்னைக்கே அதுல தூக்கிப் போட்டுட்டேன். எப்பவாவது பார்க்கணும்னா, இங்க மேலே ஆர்க்கைவ்னு இருக்கில்ல, இதைத் தொட்டா உள்ள.

என்ன இது, இத்தனை கிடக்கு.

எல்லாம் வாய்ஸு. எல்லாம் பேச்சித்தாய் நம்பர்தான். என்னைத் திட்டி அனுப்பியிருக்கும். பின்ன என்னத்தை அனுப்பும்? இல்லம்மா, நான் கேக்கலை, பஸ்ல வச்சு வேண்டாம். நீங்க சொல்றீங்க. சரி, சத்தத்தைக் குறைச்சு காதுல வச்சுக் கேக்கறேன். நீங்களும் வேணும்னா காதைக் கொண்டாங்க.

"வணக்கம் டீச்சர். நான் எட்டாம் வகுப்பு பாண்டிமீனா. லீவுல இருக்கறதால பாடத்தைப் படிச்சு அனுப்புறேன். ஒலி பரவுவதற்கு ஊடகம் தேவை. வெற்றிடத்தில் ஒலி பரவாது."

பிள்ளையா பேசுது. நான்தான் சொல்லியிருந்தேன். லீவு போடறவங்க வீட்ல படிச்சு வாய்ஸ்ல அனுப்பணும், நான் கேட்டு மார்க் போடுவேன், படிச்சா லீவாக் கணக்கு வைக்கமாட்டேன்னு கிளாஸ்ல சொல்லியிருந்தேன். மத்ததுங்க ஒண்ணு அனுப்பும், ரெண்டு அனுப்பும், அதோட விட்டுரும். இது தினமும் அனுப்பியிருக்கு. சடங்குக்கு முன்னாடி தனியாக் குடிசையில உக்கார வச்சிருந்தப்பவே அனுப்பியிருக்கு, தேதி பாருங்க. இந்தா, இது அடுத்தது. அதிர்வெண்ணுக்கு விளக்கம் சொல்லுது. வீச்சுக்கும் அதுக்கும் மாத்திச் சொல்லுது பாருங்க, அந்த இடத்துல எப்பவுமே அதுக்குக் குழப்பம், நான் திருத்தியிருக்கணும். இது மனுஷக் காது. பிசிறில்லாம சொல்லுது. பின்னாடி யாரோ கூப்பிடறாங்க, கேக்குதா? அப்பவும் நிறுத்தாம முடிக்குது.

இதுதான் கடைசி. திங்கக்கிழமை வந்திருக்கு.

"டீச்சர், ஒலி முடிச்சுட்டேன். அடுத்து எந்தப் பாடம்னு நீங்க சொல்லவே இல்லை. அத்தை வெள்ளிக்கிழமை வேணாம்னுட்டாங்க. புதன்கிழமை காலையில திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, தாம்பூலம் அங்கதானாம். புத்தகம் எடுத்துட்டு வரவா வேணாமான்னு கேட்டா அம்மா அழுகுது. எடுத்துட்டுப் போகவா டீச்சர்? நீங்க சொன்னா எடுத்துட்டுப் போவேன்."

இன்னைக்குத்தான் புதன்.

இருங்கம்மா. இருங்க, பதில் போட்டுடறேன். இந்த மைக்கை அழுத்திப் பிடிக்கணும். பாண்டிமீனா, டீச்சர் பேசறேன்மா. புத்தகத்தை எடுத்துக்கோ. ஒலி நல்லாப் படிச்சிருக்கே. அடுத்தது காந்தவியல். முதல் பக்கத்துல இருந்து படி. அவ்வளவுதான். விட்டா போயிடும். போயிருச்சு.

ஒரு டிக்தான் விழுந்திருக்கு. ஒரு டிக்குன்னா நம்மகிட்ட இருந்து போயிருச்சு, அங்க போய்ச் சேரலைன்னு அர்த்தம். சேர்ந்திருந்தா ரெண்டு விழும். அந்தப் பக்கம் போன் அணைஞ்சு கிடக்குது, இல்ல யாராவது அணைச்சு வச்சிருக்காங்க. இதெல்லாம் இப்ப எனக்கு அத்துப்படி. கொஞ்ச நேரத்துல விழுந்துரும். சார்ஜ் இல்லாம இருக்கும். அவங்க வீட்ல இருக்கறதே ஒரு போன்தான்.

விழலை.

என்னம்மா, உங்க போனை எதுக்கு எடுக்கறீங்க? எந்த நம்பரு? ஆமா, பத்து ஒம்பது எட்டு. ஏன்? இப்பவேவா? இருங்க, யோசிச்சுப் பண்ணுவோம், நான் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பேசிக்கிறேன். எடுத்துட்டாங்களா? சரி. சரி, சொல்லுங்க. பாண்டிமீனா. பதிமூணு முடிஞ்சு பதினாலு நடக்குது. முத்தனேரி, அருப்புக்கோட்டை பக்கம். அம்மா பேரு பேச்சித்தாய். கூட்டிட்டுப் போறது அத்தை, சந்தனமாரி. காலையில திருப்பூர் போறதுன்னா மதுரை போய்த்தான் பஸ் மாறணும், ஒருவேளை இப்ப மதுரையில நிக்கலாம், அதையும் சொல்லுங்க. உசரமா இருக்கும் பிள்ளை, இடது புருவத்துல ஒரு தழும்பு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா, கண்டக்டர் பார்க்கறார்.

யார் சொன்னதுன்னு கேக்கறாங்களா? கேள்விப்பட்டோம்னு சொல்லுங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட பேசணுமாமா? வயசை அவங்கதான் உறுதியாச் சொல்ல முடியுமா? டீச்சர் பக்கத்துலதான் இருக்காங்கன்னு நீங்க ஏன் சொன்னீங்க? இல்லம்மா, என்கிட்ட குடுக்காதீங்க. என் பேரு எதுக்கு அவங்களுக்கு? பிள்ளை பேரு குடுத்தாச்சு, அம்மா பேரு குடுத்தாச்சு, ஊர் பேரு குடுத்தாச்சு. அது போதாதா? போனை நீட்டாதீங்க, அவங்க அலோ அலோன்னு கூப்பிடறது எனக்குக் கேக்குது. கண்டக்டர் சார், நிப்பாட்டுங்க. பயிற்சி நடக்கற இடம் இது இல்லைதான், பரவாயில்லை, நான் நடந்து போயிக்கிறேன். கொஞ்சம் காலை மடக்குங்கம்மா, நான் இறங்கணும்.